முடிவுள்ள தங்கலும் முடிவிலாத் தங்கலும்: அறிவுசார் குறைபாடுடையோர் உறைவிடப் பராமரிப்பின் வரலாறு – திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அறிவுசார் குறைபாடுடையோர் தங்கிவாழும் இல்லங்களின் தரம் தமிழகத்தில் பெரும்பாலும் கட்டடம், உணவு, பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. இம்மதிப்பீட்டு முறை எங்கிருந்து வந்தது என்பதைத் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தின் அறநிலைய வரலாறு, 1858 முதலான சட்டங்கள், ஏர்வாடித் தீ விபத்துக்குப் பிந்தைய விதிமுறைகள் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது. நோயாளர் குணமடைந்து வெளியேறும் இடங்களுக்கென உருவான அளவுகோல்கள், வாழ்நாள் முழுதும் தங்குவோர் மீது மாற்றமின்றிச் சுமத்தப்பட்டன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: அறிவுசார் குறைபாடு, உறைவிடப் பராமரிப்பு, ஆதுலசாலை, ஆரோக்கியசாலை, குணசீலம், ஏர்வாடி, தேசிய அறக்கட்டளைச் சட்டம்

முன்னுரை

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்றின் 28ஆம் பாடல், மக்கட்பிறப்பில் நேரும் எட்டு வகை எச்சங்களை வரிசைப்படுத்துகிறது. குருடு, கூன், குறள், ஊமை, செவிடு முதலியவற்றோடு 'மருள்' என்பதும் அவ்வரிசையில் இடம்பெறுகிறது. அறிவு மயங்கிய பிறப்பை அச்சொல் குறிப்பதாக உரையாசிரியர்கள் கொள்வர். இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூரின் புலவர் ஒருவர், உடற்குறையையும் அறிவுக்குறையையும் தனித்தனிச் சொற்களால் பிரித்துக் காட்டியிருப்பது கருதத்தக்கது. ஆயின் அப்பாடலின் நோக்கம் அத்தகையோரைப் பேணுவதன்று. குறையற்ற பிறப்பைப் பெற்றவன் அறம் பொருள் இன்பங்களை ஆற்றவேண்டும் என்று அரசனுக்கு உணர்த்துவதே ஆகும். பிரித்தறியும் சொல் இருந்தது. அச்சொல்லுக்கு உரியவர் எங்குத் தங்கினார், அவரை யார் பேணினார் என்ற வினா அங்கு எழவில்லை.

கலைச்சொல் குறித்து ஒரு விளக்கம் இவ்விடத்தில் தேவைப்படுகிறது. பிரித்தானிய வழக்கில் 'கற்றல் குறைபாடு' எனப் பொருள்படும் தொடர், இந்தியாவில் அறிவுசார் குறைபாடு எனப்படுவதையே குறிக்கும். தமிழகத்துப் பள்ளிகளில் கற்றல் குறைபாடு என்பது வாசித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றில் மட்டும் நேரும் இடர்ப்பாடாகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் கட்டுரைகள் அரிதல்ல. 'மந்தபுத்தி', 'மனவளர்ச்சி குன்றியோர்', 'அறிவுசார் குறைபாடுடையோர்' என அரசு வழக்கும் பொது வழக்கும் அடுத்தடுத்து மாறி வந்துள்ளன. இக்கட்டுரை இன்றைய சொல்லையே ஆள்கிறது; பழைய சட்டங்களைச் சுட்டுமிடத்து மட்டும் அக்காலச் சொற்கள் அவ்வாறே தரப்படுகின்றன.

ஆதுலசாலையும் ஆரோக்கியசாலையும்

செங்கற்பட்டு வட்டாரத்துத் திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு, தமிழகத்தில் தங்கிப் பண்டுவம் பெறும் இடம் பற்றிக் கிடைத்துள்ள விரிவான சான்றாகும். 11ஆம் நூற்றாண்டின் இந்த ஆதுலசாலையில் 15 பேர் தங்குவதற்கு வழி செய்யப்பட்டிருந்தது. மருத்துவர், அறுவைப் பண்டுவம் செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிவிடை செய்யும் பெண்கள், நாவிதர் ஆகியோருக்கு வகுக்கப்பட்ட ஊதியமும், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளும் கல்லில் பொறிக்கப்பட்டன. ஓர் உறைவிடத்தின் தரத்தை இன்று ஆய்வாளர் ஒருவர் அளக்க முற்பட்டாலும் ஏறத்தாழ இதே பட்டியலையே கையில் எடுத்துச் செல்வார். இத்தனை பேருக்கு இத்தனை பணியாளர், இவ்வளவு அரிசி, இவ்வளவு எண்ணெய் என்ற கணக்கு முறை அத்துணைப் பழமையானது.

திருவரங்கத்தில் இதற்கு இணையான நிறுவனம் ஆரோக்கியசாலை என வழங்கியது. 13ஆம் நூற்றாண்டில், கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டிருந்த போசள மன்னன் வீரராமநாதன் காலத்துக் கல்வெட்டொன்று அரங்கன் கோயிலில் அமைந்த ஆரோக்கியசாலையைக் குறிப்பிடுகிறது. அதன் பொறுப்பு கருடவாகன பட்டர் மரபினரிடம் இருந்தது. பின்னர்ச் சிதைவுற்ற அதனைச் சக ஆண்டு 1415இல், அதாவது பொ.ஆ. 1493இல், அம்மரபில் வந்த ஒருவர் புதுப்பித்ததையும் கல்வெட்டு தெரிவிக்கிறது. கோயில் வளாகத்திலுள்ள தன்வந்திரி சன்னதி அந்நினைவை இன்றும் தாங்கி நிற்கிறது.

ஆதுலர் என்பார் நோயுற்றோர். ஆரோக்கியம் என்பது அவர் மீளவேண்டிய நிலை. இரு பெயர்களுமே தங்கலுக்கு ஒரு முடிவைக் கருதியவை. நோய் நீங்கினால் படுக்கை அடுத்தவருக்குச் செல்லும். 15 இடங்கள் என்று எண்ணிக்கையை வரையறுத்து அறக்கொடை அளிப்பதற்கு இந்தச் சுழற்சியே அடிப்படை. எந்நாளும் நீங்காத நிலையுடையவர் ஒருவர் அந்த 15 இடங்களுள் ஒன்றில் நுழைந்தால், அவ்விடம் அவர் ஆயுள் முழுதும் அடைபட்டுவிடும்.

நீங்காத நிலையுடையோருக்கான இடத்தை இலக்கியம் வேறோரிடத்தில் காட்டுகிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் தென்மதுரைச் சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, பார்வையற்றோர், செவிப்புலனற்றோர், கால் முடங்கியோர், நோயால் வருந்துவோர் ஆகியோரையும் பேணுவார் இல்லாதோரையும் அழைத்து உணவளிக்கிறான். உடற்குறைகளை அடுக்கும் இப்பட்டியலினுள் 'பேணுவார் இல்லாமை'யைத் தனியொரு நிலையாகச் சாத்தனார் வைத்தது நுட்பமானது. குறை எதுவாயினும், பேணுவார் இருந்தால் அவர் அம்பலத்துக்கு வரவேண்டியதில்லை. ஆபுத்திரன் அவர்கள் உண்டு எஞ்சியதை உண்டு, பிச்சை ஓட்டையே தலையணையாகக் கொண்டு அங்கேயே உறங்குகிறான். பேணுபவனும் பேணப்படுவோரும் ஒரே உணவை உண்டு ஒரே கூரையின்கீழ் துயிலும் இச்சித்திரம், பின்னர் வரும் தரம் பற்றிய பகுதியில் மீண்டும் பயன்படும். அதே காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாற்றப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது இதன் மறுதலை எனலாம்.

ஒரே சொல்லுக்குள் இருவர்

1858ஆம் ஆண்டின் 36ஆம் சட்டம் இந்தியாவில் மனநோயாளர் காப்பகங்களை ஒழுங்குபடுத்தியது. 'லூனடிக்' என்ற சொல்லுக்கு அது அளித்த வரையறை, சித்தம் கலங்கியோரையும் 'இடியட்' என அன்று அழைக்கப்பட்டோரையும் ஒருசேர உள்ளடக்கியது. 1912ஆம் ஆண்டின் 4ஆம் சட்டமான இந்திய லூனசி சட்டமும் இவ்வரையறையையே பின்பற்றியது. தெருவில் திரியும் ஒருவரைக் காவலர் நடுவர்முன் நிறுத்துவார், மருத்துவர் சான்றளிப்பார், நடுவர் காப்பகத்துக்கு அனுப்பும் ஆணை பிறப்பிப்பார். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவருக்கும், வளர்ந்தபின் மனநோய் கண்டவருக்கும் நடைமுறை ஒன்றே.

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871இல் திறக்கப்பட்ட காப்பகமே தமிழ் வழங்கும் மாவட்டங்களுக்குச் சேரிடமாயிற்று. காவிரிக் கரையிலிருந்து அனுப்பப்படும் ஒருவருக்கு அது இருநூறு மைலுக்கு அப்பாற்பட்ட ஊர். உறவினர் வந்து பார்ப்பதும் அழைத்துச் செல்வதும் எளிதல்ல. மனநோயாளருக்கேனும் தெளிவு பிறந்தால் வெளியேறும் வழி சட்டத்தில் இருந்தது. தெளிவு என்ற சொல்லே பொருந்தாத ஒருவருக்கு அவ்வழியும் நடைமுறையில் அடைபட்டது.

இங்கிலாந்தில் நிலை வேறாக இருந்தது. அறிவுசார் குறைபாடுடையோருக்கென எர்ல்ஸ்வுட்டில் தனிக் காப்பகம் 1855இல் திறக்கப்பட்டது. 1913இல் அவர்களுக்கெனத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. அச்சட்டம் நல்லது செய்தது என்று கூற இயலாது. இனமேம்பாட்டுக் கொள்கையின் தாக்கத்தில், பல்லாயிரவரை ஊருக்கு வெளியே பெருங்கூடங்களில் அடைக்க அது வழிவகுத்தது. எனினும், நோயாளர் வேறு, இவர்கள் வேறு என்ற பிரிவினை அங்கு ஆட்சிமுறைக்குள் நுழைந்துவிட்டது. இந்தியாவில் 1912ஆம் ஆண்டின் சட்டமே நாடு விடுதலை பெற்றபின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் தனியார் தொண்டு முயற்சிகளே வழி திறந்தன. மும்பையில் 1944இல் ஜெய் வக்கீல் பள்ளியும், சென்னையில் 1950களில் கில்டு ஆஃப் சர்வீஸ் அமைப்பின் முயற்சியால் பால விகாரும் தோன்றின. இவை முதன்மையாகக் குழந்தைகளுக்கான பயிற்சி நிலையங்கள். அக்குழந்தைகள் நாற்பது வயதை எட்டும்போது எங்கிருப்பர் என்ற வினா அன்று தொலைவில் இருந்தது.

1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் பிரிவினை நிகழ்ந்தது. மனநோயாளர் என்பதற்கு அது தந்த வரையறை, 'மனவளர்ச்சிக் குறைவு நீங்கலாக' என்று கூறியது. நூற்று முப்பது ஆண்டுகள் ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருந்தோர் விலக்குத் தொடர் ஒன்றினால் விடுவிக்கப்பட்டனர். காப்பகச் சட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் எந்தச் சட்டத்துக்குள் நுழைந்தனர் என்பது அடுத்த வினா. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் அவர்களை ஏற்றது. நிறுவனங்கள் அரசின் அங்கீகாரம் பெறவேண்டும் என்றும், 80 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையோருக்கு அரசு நிறுவனங்கள் அமைக்கலாம் என்றும் அது விதித்தது. வீட்டில் பேணுவதா, நிறுவனத்தில் பேணுவதா, நிறுவனத்தில் என்றால் எவ்வாறு என்பன பற்றி அச்சட்டம் பேசவில்லை.

ஏர்வாடியும் குணசீலமும்

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டியிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை ஏற்றது. மனநலக் காப்பகங்கள் அனைத்தையும் கணக்கெடுக்கவும், உரிமம் இல்லாதவற்றை ஒழுங்குக்குள் கொண்டுவரவும் மாநிலங்களுக்கு 2002இல் ஆணையிட்டது. மனநோயாளர் மறுவாழ்வு மையங்களுக்கான தமிழக அரசின் பதிவு விதிகள் அதே ஆண்டில் வெளிவந்தன.

இவ்விதிகளின் தாக்கத்தைத் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் தெளிவாகக் காட்டுவது குணசீலம். காவிரியின் வடகரையில், நகரிலிருந்து முசிறி செல்லும் வழியில் உள்ள பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலுக்கு மனநோயாளரை அழைத்து வந்து 48 நாள், அதாவது ஒரு மண்டலம், தங்க வைப்பது நெடுநாள் வழக்கம். ஆற்றில் நீராட்டல், உச்சிக்காலத்திலும் அர்த்தசாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளித்தல் ஆகியவை அதன் கூறுகள். ஏர்வாடிக்குப் பிறகு இவ்வழக்கம் தடை செய்யப்பட்டு மறைந்துவிடவில்லை. கோயிலை அடுத்து உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இயங்குகிறது. வழிபாடும் மனநல மருத்துவமும் ஒரே வளாகச் சூழலில் நிகழ்கின்றன. சமய வழக்கத்தை ஒடுக்காமல் தரத்துக்குள் கொண்டுவந்த எடுத்துக்காட்டு என்ற வகையில் குணசீலம் கூடுதல் கவனத்துக்கு உரியது.

ஆயினும் குணசீலத்தின் ஒழுங்கும் 48 நாள் என்ற எல்லையின்மேல் எழுந்ததே. மண்டலம் முடிந்தால் குடும்பம் புறப்படும். இக்கால அளவு இருப்பதனாலேயே குடும்பத்தினர் உடன் தங்க முடிகிறது; உடனுறையும் உறவினரே தரத்தின் முதற்காவலராகவும் இருக்கின்றனர். ஆரோக்கியசாலையும் குணசீலமும் ஏறத்தாழ ஒரே வகைத் தங்கலைச் சார்ந்தவை. முடிவு தெரிந்த தங்கலில், வசதிக் குறைவு ஒன்று நேர்ந்தால் அது பொறுத்துக்கொள்ளத்தக்க இடர். வாழ்நாள் தங்கலில் அதுவே ஒருவரின் வாழ்க்கை முழுதும் ஆகிவிடுகிறது.

ஏர்வாடிக்குப் பின் வந்த கண்காணிப்பு மனநோயாளர் காப்பகங்களை நோக்கியது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தமிழகத்தில் மனவளர்ச்சிக் குறைவுடையோராக 1,00,847 பேரையும், மனநோயாளராக 32,964 பேரையும் பதிவு செய்தது. இரண்டாம் எண் உண்மையைவிட மிகக் குறைவானது என்பதில் ஐயமில்லை. மனநோயைக் கணக்கெடுப்பவரிடம் வெளிப்படக் கூறும் குடும்பங்கள் சிலவே. அதைக் கழித்துப் பார்த்தாலும், பெரிய தொகுதி ஒன்று சிறிய தொகுதிக்கென எழுந்த விதிகளின் நிழலில் நின்றது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. சங்கிலி, தீ, ஓலைக்கூரை ஆகியவற்றைத் தடுக்கும் விதிகள் இன்றியமையாதவை. அவை உயிரைக் காக்கும். ஒருவர் அங்கு எவ்வாறு வாழ்கிறார் என்பதை அவை கேட்பதில்லை.

தரத்தை அளத்தல்

எவ்வாறு வாழ்கிறார் என்ற வினாவை அளவுகோலாக மாற்றிய முன்னோடி ஆய்வு, இங்கிலாந்தில் கிங், ரேன்ஸ், டிசார்டு ஆகிய மூவர் 1971இல் வெளியிட்ட உறைவிடப் பராமரிப்பு நூலாகும். காப்பகங்கள் பற்றி எர்விங் கோஃப்மன் 1961இல் எழுதிய நூலின் கருத்துகளைக் கள ஆய்வுக்கு ஏற்ற வினாக்களாக அவர்கள் வகுத்தனர். காலம் சார்ந்த இறுக்கம், எல்லாரையும் கூட்டமாக நடத்துதல், தன்னடையாளத்தை இழக்கச் செய்தல், பணியாளருக்கும் உறைவோருக்கும் இடையிலான விலக்கம் என நான்கு கூறுகள் அவற்றில் அடங்கும். வினாக்கள் மிக எளியவை. விடுமுறை நாளிலும் அதே நேரத்தில்தான் எழுப்பப்படுகின்றனரா? குளியலுக்கு வரிசையில் நின்று காத்திருக்கின்றனரா? உடைகள் அவரவருக்கு உரியனவா, பொதுக் குவியலிலிருந்து எடுத்து அணிவிக்கப்படுகின்றனவா? பணியாளர் அவர்களுடன் அமர்ந்து உண்கின்றனரா?

அவ்வாய்வின் முடிவு பலரும் எதிர்பாராதது. நிறுவனத்தின் அளவும் பணியாளர் விகிதமும் வேறுபாட்டை முழுமையாக விளக்கவில்லை. இல்லத்தின் பொறுப்பாளர் பெற்ற பயிற்சி, அன்றாட முடிவுகளைத் தாமே எடுக்க அவருக்குள்ள உரிமை, அவர் அலுவலகத்தில் அன்றிக் குழந்தைகளோடு செலவிடும் நேரம் ஆகியவையே தரத்தை நிர்ணயித்தன. அவ்வாய்வு குழந்தைகளைப் பற்றியது. முதியவர் இல்லங்களுக்கு அதனை அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும். எனினும், திருமுக்கூடல் கல்வெட்டு முதல் இன்றைய ஆய்வுப் படிவம் வரை தொடரும் 'இத்தனை பேருக்கு இத்தனை பேர்' என்ற கணக்கின் போதாமையை அது புலப்படுத்தியது. அதற்கு முன் 1969இல் வெளியான கார்டிஃப் நகர எலி மருத்துவமனை பற்றிய விசாரணை அறிக்கை, மருத்துவமனை என்ற பெயர்ப்பலகையின் பின்னால் கொடுமை எவ்வாறு வழக்கமாகும் என்பதை வெளிப்படுத்தியிருந்தது.

இந்நான்கு கூறுகளையும் தமிழ்ச் சூழலில் வைத்து நோக்கினால் சில காட்சிகள் புதிய பொருள் பெறுகின்றன. தலைமுடியை அனைவருக்கும் ஒரே நாளில் ஒட்ட வெட்டிவிடுதல் பேன் தொல்லையையும் பணியையும் குறைக்கும். பெண்கள் இல்லத்தில் அது ஒருவரின் தோற்றத்தையே பறிக்கிறது. திருமுக்கூடலில் நாவிதருக்கு ஊதியம் வகுத்தது நோயாளரின் தூய்மைக்காக. நோயாளர் வீடு திரும்பியபின் முடி வளரும். முப்பது ஆண்டுகள் தங்குபவருக்கு முடி வளர்வதற்கு வாய்ப்பே தரப்படாதபோது, தூய்மை என்ற பெயரில் தன்னடையாளம் கத்தரிக்கப்படுகிறது.

உணவைப் பொறுத்தவரை தமிழகத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பிறந்தநாள், திருமணநாள், நீத்தார் நினைவுநாள் ஆகியவற்றில் இல்லங்களுக்கு ஒருவேளை உணவு வழங்குதல் இன்று பரவலான வழக்கம். ஒரு நாள் உணவுக்கு இவ்வளவு தொகை என்ற அறிவிப்புப் பலகையைப் பல இல்லங்களின் வரவேற்பறையில் காணலாம். இதன் வேர் கோயிற் கட்டளையில் உள்ளது. குறித்த நாளில், குறித்த பெயரால், குறித்த அளவு அமுது படைக்கச் செய்த ஏற்பாட்டின் வடிவமே இங்குத் தொடர்கிறது. 2012 முதல் நாள் முழுதும் அன்னதானம் நடைபெறும் திருவரங்கக் கோயிலின் அருகாமையில் இவ்வழக்கம் இயல்பாகவே வலுப்பெற்றிருக்கிறது. இக்கொடை இல்லையெனில் பல இல்லங்கள் அடுப்பை மூட்டவே இயலாது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கொடையாளர் வரும்வரை பசியோடு காத்திருத்தலும், அவர்முன் எழுந்து நின்று வாழ்த்துக் கூறுதலும், ஒரே நாளில் இருமுறை இனிப்பும் மறுநாள் எளிய சோறும் அமைதலும் உறைவோரின் நாளைக் கொடையாளரின் நாட்காட்டியோடு கட்டிவிடுகின்றன. மற்றவர் பிறந்தநாள்கள் பல அங்குக் கொண்டாடப்படுகின்றன. தெருவிலிருந்து மீட்கப்பட்ட ஒருவரின் பிறந்தநாள் பதிவேட்டில் பெரும்பாலும் ஜனவரி முதல் நாளாகவோ, சேர்க்கப்பட்ட நாளாகவோ எழுதப்பட்டிருக்கும். டிசார்டு குழுவினரின் வினாநிரலில் இதற்கு இடமில்லை. தமிழ்ச் சூழலுக்கான அளவுகோல் ஒன்று வகுக்கப்படுமாயின், இங்கிருந்தே தொடங்குதல் பொருந்தும்.

நான்காம் கூறாகிய விலக்கத்துக்கு மாற்றாக வாழ்ந்து காட்டிய முயற்சியாக ஆஷா நிகேதன் இல்லங்களைக் கூறுவர். பிரான்சில் 1964இல் ழான் வனியே தொடங்கிய லார்ஷ் இயக்கம் 1970இல் பெங்களூரிலும் பின்னர்ச் சென்னை உள்ளிட்ட நகரங்களிலும் வேர்விட்டது. துணைநிற்போரும் குறைபாடுடையோரும் ஒரே வீட்டில் வாழ்ந்து ஒரே மேசையில் உண்பது அதன் நெறி. ஆபுத்திரனின் அம்பலம் நினைவுக்கு வருவது தவிர்க்க இயலாதது. எனினும் வனியே மறைந்த மறு ஆண்டு, 2020இல், லார்ஷ் அமைப்பே வெளியிட்ட விசாரணை முடிவு, குறைபாடில்லாத பெண்கள் சிலரை அவர் பாலியல் வகையில் சுரண்டியதை வெளிப்படுத்தியது. நெருக்கம் விலக்கத்துக்கு மருந்து. கண்காணிப்புக்கு அது மாற்றாகாது.

இதனை இந்திய நீதிமன்றமும் நேரடியாக எதிர்கொண்டது. சண்டீகரில் அரசு நடத்திய காப்பகத்திலேயே வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்ற, அறிவுசார் குறைபாடுடைய இளம்பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. அப்பெண் குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பினார். உச்ச நீதிமன்றம் 2009இல் அவ்வாணையை நீக்கி, அவரது இசைவின்றிக் கருக்கலைப்புச் செய்யலாகாது என்று தீர்ப்பளித்தது. கருக்கலைப்புச் சட்டத்தில் காப்பாளரின் இசைவு போதும் என்ற விதி மனநோயாளருக்கே உரியது. மனவளர்ச்சிக் குறைவு அவ்வரையறையில் அடங்காது என்பது தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. உறைவிடக் கண்காணிப்பில் இடைவெளியை உண்டாக்கிய அதே விலக்குத் தொடர், இங்கு ஒரு பெண்ணின் உரிமைக்கு அரணாயிற்று. சட்டச் சொற்களின் வரலாற்றை ஒற்றைப் போக்கில் எழுத முடியாது என்பதற்கு இத்தீர்ப்பு சான்றாகும். அதே வேளை, அரசுக் கட்டடமும் அரசு ஊழியரும் இருந்த இடத்திலேயே அக்கொடுமை நிகழ்ந்தது என்பதையும் மறத்தலாகாது.

பதினான்கு வயதுக்குப் பின்

தமிழகத்தில் அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளிகளும், 14 வயதுக்கு மேற்பட்டோருக்குத் தொழிற்பயிற்சியுடன் கூடிய இல்லங்களும் அரசு உதவியுடன் தொண்டு நிறுவனங்களால் நடத்தப்படுகின்றன. திருச்சிராப்பள்ளியில் ஹோலி கிராஸ் கல்லூரியின் மறுவாழ்வு அறிவியல் துறை இத்துறைக்கான பணியாளரை உருவாக்கி வருகிறது. பயிற்சி பெற்ற பொறுப்பாளரே தரத்தின் திறவுகோல் என்ற முடிவை ஏற்றால், ஆயிரம் சதுர அடிக் கட்டடத்தைவிட இத்தகைய துறை ஒன்று மதிப்பு மிக்கது. ஆயின் பட்டம் பெற்றோர் பள்ளிகளையும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களையும் நாடுவது இயல்பு. இரவு முழுதும் விழித்திருந்து, படுக்கை நனைத்த நாற்பது வயதினருக்கு உடைமாற்றும் பணி, குறைந்த ஊதியத்தில் பயிற்சியற்ற ஆயாக்களிடமே தங்கிவிடுகிறது.

இன்னும் பெரும்பான்மையோர் வீட்டிலேயே வாழ்கின்றனர். அரசு வழங்கும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் அவர்களில் பலருக்குக் கிடைக்கிறது. மருத்துவ முன்னேற்றத்தால் அறிவுசார் குறைபாடுடையோரின் ஆயுள் நீண்டிருக்கிறது. எழுபது வயதுத் தாய் நாற்பத்தைந்து வயது மகனுக்குச் சோறூட்டும் வீடு, பிள்ளைகள் பலர் வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட்ட திருவரங்கம் போன்ற ஊர்களில் வியப்புக்குரியதன்று. 'எங்களுக்குப் பின் யார்?' என்ற பெற்றோரின் வினாவே 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்துக்குக் காரணமாயிற்று. அச்சட்டத்தின் நோக்கங்களைக் கூறும் பத்தாம் பிரிவில், பெற்றோர் இறந்தபின் பேணுவதற்கான ஏற்பாடு ஒன்று. இயன்றவரை தாமே, தம் சமூகத்துக்கு உள்ளேயும் அருகிலேயும் வாழச் செய்தல் மற்றொன்று. முதல் நோக்கம் காப்பகத்தை நோக்கி இழுக்கிறது. இரண்டாவது ஊரை நோக்கி இழுக்கிறது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றபோது இரண்டாம் நோக்கம் வலுப்பெற்றது. எந்தக் குறிப்பிட்ட வாழிட ஏற்பாட்டிலும் வாழுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவிலும் இடம்பெற்றது.

அப்பிரிவு நடைமுறையில் பொருள்பெறும் இடம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமாகும். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் அமையும் உள்ளூர் அளவிலான குழு, ஆட்சியர் நிலையிலான அலுவலர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் சார்பாளர், மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகிய மூவரைக் கொண்டது. பதினெட்டு வயது நிறைந்தவருக்குக் காப்பாளர் தேவையா, தேவையெனில் எதற்கு மட்டும் தேவை, அவர் யார் என்பதை முடிவு செய்வதும், தவறிய காப்பாளரை நீக்குவதும் இக்குழுவின் பணி. ஒருவர் தம் தெருவில் வாழ்வாரா, இல்லமொன்றில் வாழ்வாரா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அக்காப்பாளரே. குழுவில் இடம்பெறும் மாற்றுத்திறனாளி யார் என்பதற்கு அச்சட்டம் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொதுவரையறையைச் சுட்டியது. கை, கால், பார்வை, செவி ஆகியவற்றுள் எதில் குறையுடையவரும் அவ்விருக்கையில் அமரலாம். இல்லத்தில் வாழ்ந்தவரோ, அறிவுசார் குறைபாடுடையவரோ அங்கு அமரவேண்டும் என்று அப்பிரிவு கேட்கவில்லை.